கருணை அடிப்படையில் ஒரு சார்ஜிங் பின்

அந்தக் கம்பெனியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. என்னிடமும் அவர்களுடைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. வாரண்டி முடிய இன்னும் நான்கு மாதம் பாக்கி. அதுவரைக்கும் அவர்களைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டிருப்பது என் கடமை என்று அட்டையில் எங்காவது பொடி எழுத்தில் போட்டிருந்தாலும் போட்டிருப்பார்கள். நான் அதை முழுதாகப் படித்ததில்லை. படித்தவர்கள் கதிதான் இந்தக் கதை.

மீனாட்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிச் சென்னியப்பன் இருக்கிறார். ஆறு மாடு, கொஞ்சம் தென்னை. மோட்டார் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுகிற வழக்கம் அவரிடம் கிடையாது. அவரே கழற்றி, அவரே காயிலுக்குக் கம்பி சுற்றி, அவரே மூடுவார். ஒரே மகள் செல்வப்பிரியாவுக்கு இருபத்தாறு வயது. ஒன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோய்விட்டது. நன்றாகப் பேசுவாள். எதிரில் நிற்கிறவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். திரையில் நான்கு முகம் தீப்பெட்டி அளவில் தெரிந்தால் மட்டும் உதட்டைப் படிக்க முடியாது. அதற்கு லேப்டாப்பில் ஒரு செயலி வைத்திருந்தாள். யார் என்ன பேசினாலும் அது எழுத்தாக்கி அடியில் காட்டும்.

அந்தச் செயலிதான் திணறியது. ஒருவர் கேட்டு முடித்து, அடுத்தவர் ஆரம்பித்த பிறகு முதல் கேள்வி எழுத்தில் வரும். போன வருடம் ஒரு நேர்முகத்தில் அவள் எல்லாக் கேள்விக்கும் சரியான பதில்தான் சொன்னாள். எல்லாமே ஒரு கேள்வி தள்ளிப் போய் விழுந்தது. கேட்டவர்கள் அவளைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

லேப்டாப்புக்கு ரேம் போதவில்லை என்று கண்டுபிடித்தவள் அவளே. கம்பெனியின் கையேட்டில் நாற்பத்தோராம் பக்கத்தில், மூடியைக் கழற்றி ரேம் சேர்ப்பது எப்படி என்று ஆறு படத்தோடு போட்டிருந்தது. அவள் படித்துப் படித்துச் செய்தாள். சென்னியப்பன் டார்ச் பிடித்தார். ஒரு திருகின் மேல் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் இருந்தது. கிழியாமல் பிளேடால் எடுத்து, தொலைந்துபோகக் கூடாதே என்று மூடியின் உட்புறத்திலேயே ஒட்டினாள். மூடுவதற்கு முன்னால் அப்பா மார்க்கர் பேனாவை நீட்டினார்.

"எழுதிப் போடு அம்மிணி."

எங்கள் பக்கத்தில் மோட்டார் திறக்கிறவர்களின் பழக்கம் அது. மூடிக்கு உட்புறம் தேதி, செய்த வேலை, செய்தவர் பெயர் எழுதாமல் மூடினால் திருட்டுவேலை என்று பேர். செல்வப்பிரியா பிள்ளையார் சுழி போட்டு, தேதி போட்டு, 'ரேம் எட்டு ஜிபி சேர்த்தது செல்வப்பிரியா' என்று அழகாக எழுதி மூடினாள். அன்றிலிருந்து எழுத்து பேச்சோடு பேச்சாக வந்தது.

மூன்று மாதம் கழித்து, ஜூன் ஏழாம் தேதி, சார்ஜிங் பின் ஆடி லேப்டாப் உயிரை விட்டது. இருபத்தொன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கு அவளுக்கு நேர்முகம். கொச்சியில் ஒரு நிறுவனம் தமிழில் கையேடு எழுத ஆள் தேடியது. மிக்சியை எப்படி ஓட்டுவது, வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று புரியும்படி எழுதுகிற வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். ஆறு மாதமாக அவள் எழுதிச் சேர்த்த மாதிரிக் கையேடுகள் எல்லாம் அந்த லேப்டாப்புக்குள்தான் இருந்தன. நேர்முகத்தில் அவற்றைத் திரையில் காட்டச் சொல்லியிருந்தார்கள்.

சென்னியப்பன் முதலில் ஈயப்பற்று வைக்கிற சூட்டுக்கோலைத்தான் எடுத்தார். செல்வப்பிரியா கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"வாரண்டி இருக்குதுங்கப்பா. அவங்க செஞ்சு குடுக்கோணும். அது நம்ம உரிமை."

இந்த ஒரு வார்த்தையால் வந்தது வினை.

பொள்ளாச்சி எங்களுக்கு அரை மணி நேரம். அங்கேயும் கம்பெனிக்குச் சர்வீஸ் சென்டர் உண்டு. ஆனால் பொள்ளாச்சி தமிழ்நாடு, சென்னியப்பன் வீடு கேரளம். போனில் பேசியவர், வாரண்டி மாநில எல்லையைத் தாண்டுவதற்கு மூன்று வாரம் ஆகும் என்றார். சென்னியப்பனின் மாடுகள் தினமும் இரண்டு முறை தாண்டுகின்றன. அவற்றுக்கு வாரண்டி கிடையாது என்பதால் சுலபம் போலிருக்கிறது. எட்டாம் தேதி அப்பாவும் மகளும் பஸ் ஏறிப் பாலக்காட்டுக்குப் போனார்கள்.

கவுண்டரில் ஷஹானா என்ற பெண் இருந்தாள்.

"டோக்கன் எடுத்தாச்சா சாரே?"

"எங்கீங்க குடுக்கறாங்க?"

"லேப்டாப்புல கம்பெனி ஆப் இருக்குமில்ல, அதுல எடுக்கணும். எந்த லேப்டாப் கேடோ, அதிலிருந்துதான் எடுக்கணும். இல்லாட்டி வேற யாராவது உங்க பேர்ல ரிப்பேர் பண்ணிட்டுப் போயிருவாங்க."

"இது ஆன் ஆகறதில்லீங்க. அதுக்குத்தானுங்க வந்தது."

"அதான் மூணாவது கேள்வி. லேப்டாப் இப்போது வேலை செய்கிறதா. இல்லைன்னு போட்டா டோக்கன் வராது. ஆமான்னு போட்டா ரிப்பேர் வராது." அவள் இதைச் சொல்லிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு சார்ஜரைச் சொருகி, பின்னை விரலால் ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தபடி நாலு நிமிடம் நின்றாள். லேப்டாப் கண் விழித்தது. டோக்கன் நம்பர் ஏழு வந்தது. அவள் விரலை எடுத்ததும் மறுபடி செத்தது. என்ன கோளாறு, எங்கே கோளாறு என்பது அந்த நாலு நிமிடத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கம்பெனிக்கு மட்டும் தெரிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

லேப்டாப்பைத் திறப்பதற்கு என்று கண்ணாடி அறை ஒன்று இருந்தது. வாடிக்கையாளர் வெளியே நின்று பார்க்க வேண்டும், கண்ணாடியைத் தொடக் கூடாது. வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் கேமரா முன்னால் லேப்டாப்பின் நம்பரைச் சத்தமாக வாசித்து, திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண்ணி, கிண்ணத்தில் போட்டார். மூடியைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். கையுறையைக் கழற்றினார். உள்ளே போய் மேனேஜரைக் கூட்டிவந்தார்.

மேனேஜர் பூபதிராஜா பள்ளிவாசல் என்கிற தேயிலைத் தோட்டத்து ஊர்க்காரர். எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்த அப்பாவிடமிருந்து வந்த, யாரைக் கண்டாலும் சம்பளம் பிடிக்கிற முகம். அவர் மூடியின் உட்புறத்தை ஒரு முறை வாசித்தார். கேமராவுக்காக இன்னொரு முறை சத்தமாக வாசித்தார். பிள்ளையார் சுழிக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் 'அடையாளம் தெரியாத குறியீடு ஒன்று' என்று பதிவு செய்தார்.

"இருபது வருஷ சர்வீஸ்ல நான் இந்த மாதிரிப் பார்த்ததில்ல சார்," என்றார் சென்னியப்பனிடம். "திறக்கறவன் இருப்பான். நான் திறக்கலேன்னு சத்தியம் பண்ணுவான். அவன நாங்க கண்டுபிடிப்போம். அதுதான் முறை. நீங்க என்னன்னா கையெழுத்துப் போட்டு, சீல எடுத்துச் சாட்சிக்கு உள்ளயே ஒட்டி வச்சிருக்கீங்க. எங்கள என்ன பண்ணச் சொல்றீங்க?"

"அந்தப் பின்ன மாத்திக் குடுங்க போதுமுங்க," என்றார் சென்னியப்பன். "ரேம் அக்கட்டால கெடக்குது. பின்னு இந்தக் கடைசில இருக்குது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்களே."

"ஒரே உடம்பு சார்."

செல்வப்பிரியா பையிலிருந்து கையேட்டை எடுத்து நாற்பத்தோராம் பக்கத்தை நீட்டினாள். "நீங்க போட்டதுதானுங்களே. இதப் பார்த்துத்தான் செஞ்சேன்."

பூபதிராஜா அதை வாங்காமலே படித்தார். சென்னியப்பனைப் பார்த்துப் பதில் சொன்னார். "கையேடு வேற டிபார்ட்மெண்டு சார். அவங்க எப்படிச் செய்யறதுன்னு போட்டிருக்காங்க. செய்யலாம்னு எங்க போட்டிருக்கு? வாரண்டிங்கறது ஒரு நம்பிக்கை. நாங்க உங்கள முழுசா நம்பறோம். அதனாலதான் ஸ்டிக்கர் ஒட்டறோம்."

சென்னியப்பனுக்கு இது புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ஆனால் அவருக்குப் புரியாதது தன் படிப்புக் குறைவால்தான் என்று அவர் நினைத்தார். இப்படிப்பட்ட இடங்கள் எல்லாம் அந்த நினைப்பின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

சரி, திருப்பிக் கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டார். முடியாது என்றார்கள். லேப்டாப் இப்போது விசாரணையில் இருக்கும் பொருள். விசாரணை முடியும்வரை அது தடயம். வாங்கியவர்கள் கையில் கொடுத்தால் தடயத்தை ரிப்பேர் செய்துவிடுவார்கள்.

மேல்முறையீடு போனில்தான் செய்ய வேண்டும். லேப்டாப் செல்வப்பிரியா பெயரில் பதிவாகியிருந்ததால் அவளேதான் பேச வேண்டும். கேள்வியைக் கேட்டு, பீப் சத்தம் வந்த பிறகு, 'ஆம்' என்று சொல்ல வேண்டும். முதல் தடவை சென்னியப்பன் போனைக் காதில் வைத்துக்கொண்டு கையால் சைகை காட்டினார், அவள் 'ஆம்' என்றாள். சைகைக்கும் ஆமுக்கும் நடுவில் ஒரு நொடி தாமதம் என்று தள்ளுபடியானது. இரண்டாவது தடவை அவரே 'ஆம்' என்றார். செல்வப்பிரியா என்ற பெயருக்குக் குரல் பொருந்தவில்லை என்று தள்ளுபடி. மூன்றாவது தடவை ஒரு மனிதர் லைனில் வந்தார். மகளுக்குக் காது கேட்காது என்று சென்னியப்பன் விளக்கினார். அந்த மனிதர் மிகவும் வருத்தப்பட்டார். காது கேளாதவர்களுக்குக் கம்பெனியில் தனி வசதி இருக்கிறது என்றார். அதற்குச் சம்பந்தப்பட்டவர் ஒரு நம்பருக்குப் போன் பண்ண வேண்டும்.

அப்படியே பதினான்காம் தேதி ஆகிவிட்டது. சென்னியப்பன் நாலாவது முறையாகப் பாலக்காட்டுக்குப் போனபோது ஷஹானா தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னாள். "சாரே, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போனா நீங்க ஜெயிச்சிருவீங்க. ரேமுனாலதான் பின் கெட்டதுன்னு காட்ட வேண்டியது இவங்க. இவங்களால காட்ட முடியாது, இவங்களுக்கே தெரியும். ஆனா இருபத்தொண்ணாம் தேதிக்குள்ள ஜெயிக்க முடியாது."

அதுவும் இவர்களுக்குத் தெரியும் என்பதை அவள் சொல்லவில்லை.

பதினேழாம் தேதி விசாரணை. வாரண்டித் தூய்மைக் குழு என்று ஒன்று, மூன்று பேர், ஏதோ ஒரு பெரிய நகரத்திலிருந்து பாலக்காட்டு சென்டர் சுவரிலிருந்த திரையில் தெரிந்தார்கள். லேப்டாப் மேசை நடுவில் ஒரு துணி மேல் இருந்தது. செல்வப்பிரியா தன் போனை அந்தத் திரைக்கு நேராகப் பிடித்தாள். போனில் எழுத்து திக்கித் திக்கி வந்தது. கடைசியில் அப்பா அவள் பக்கம் திரும்பி ஒவ்வொரு கேள்வியையும் உதட்டால் சொன்னார்.

"திறக்கும்போது உங்க மனநிலை எப்படி இருந்தது?"

"சந்தோசமா இருந்துதுங்க."

குழு இதைக் குறித்துக்கொண்டது. வருத்தத்தோடு திறந்திருந்தால் தண்டனை குறைவு என்று பின்னால் தெரிந்தது.

"அறையில் வேறு யார் இருந்தார்கள்?"

"அப்பா இருந்தாருங்க. வெளிய கன்னுக்குட்டி கத்துச்சு. எனக்குக் கேக்கல, அப்பா எந்திரிச்சுப் போனதுனால தெரியும்."

"அப்படியானால் சிறிது நேரம் கணினி மேற்பார்வையில்லாமல் திறந்து கிடந்தது."

"நான் இருந்தனுங்களே."

"மேற்பார்வையில்லாமல்," என்று நடுவிலிருந்தவர் எழுதுகிறவரிடம் திருத்திச் சொன்னார்.

சேர்த்த ரேம் கெட்டதா என்று சென்னியப்பன் கேட்டார். இல்லை, நல்லது, கம்பெனி வாங்குகிற அதே தயாரிப்பு என்றார்கள். அதனால் ஏதாவது பழுது வந்ததா என்று கேட்டார். வரவில்லை, ஆனால் வந்திருக்கலாம் என்றார்கள். பிறகு நடுவிலிருந்தவர் கொஞ்ச நேரம் பேசினார். கம்பெனிக்கு நாடெங்கும் தொண்ணூறு லட்சம் வாடிக்கையாளர்கள், எல்லாரும் கையேட்டைப் படிக்க ஆரம்பித்துவிட்டால் என்ன ஆகும், யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நல்லெண்ணத்தில்தானே கையேடு அச்சடிக்கிறோம் என்றார். அவர் குரல் தழுதழுத்தது. தீர்ப்பு முப்பது வேலைநாளில் வரும் என்று திரை அணைந்தது.

வேலைநாள் முப்பது. செல்வப்பிரியாவிடம் இருந்தது நாலு நாள். வேறு லேப்டாப் இரவல் கேட்டுப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் உள்ளதையும் கொடுத்தேன். அதுவும் அதே கம்பெனி, அவளுடையதில் முதலில் இருந்த அதே நாலு ஜிபி ரேம். எழுத்து ஒரு கேள்வி தள்ளித்தான் வந்தது. அவள் எழுதிய கையேடுகளும் அதில் இல்லை. திறந்து ரேம் போடட்டுமா என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்காக எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பத்தொன்பதாம் தேதி பூபதிராஜாவே கூப்பிட்டு அனுப்பினார். இந்த முறை நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள்.

"உள்ளதச் சொல்லணும்னா எனக்கும் மனசு கேக்கல சார்," என்றார். "உரிமைன்னு நீங்க கேட்டா, குடுக்கறதுக்கு எங்க கம்பெனில வழியே கிடையாது. கருணைன்னு கேளுங்க. அது எவ்வளவு வேணும்னாலும் இருக்கு. ஒவ்வொரு மூணு மாசத்துக்கும் கருணைக்குன்னு எங்களுக்கு டார்கெட்டே உண்டு. இந்தத் தடவை இன்னும் ஒண்ணு பாக்கி."

ஒரு கடிதத்தை நீட்டினார். அச்சடித்துத் தயாராக இருந்தது. 'நான் காது கேளாதவள் ஆதலால், கையேட்டில் உள்ள குறிப்புகளையும் நிபந்தனைகளையும் புரிந்துகொள்ள இயலாத நிலையில், அறியாமையால் கணினியைத் திறந்து விட்டேன். கம்பெனி பெரிய மனது வைத்து மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.' கீழே அவள் பெயர். அதற்கும் கீழே, பாதுகாவலர் கையெழுத்து.

செல்வப்பிரியா இரண்டு முறை படித்தாள்.

"காது கேக்கலீன்னா படிக்கத் தெரியாதுங்களா?"

"அவங்ககிட்ட நீங்க எடுத்துச் சொல்லுங்க சார்," என்றார் பூபதிராஜா.

"நேராச் சொல்லுங்க. வாயப் பார்த்துப் புரிஞ்சுக்குவா."

"இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. பத்து நிமிஷத்துல ரெடி பண்ணிக் குடுத்துருவோம்."

அவள் பேனாவை வாங்கினாள். பூபதிராஜாவின் முகம் மலர்ந்தது. கடிதத்தில் இரண்டு இடத்தில் பிழை திருத்தினாள், ஒரு நீண்ட வாக்கியத்தை இரண்டாக வெட்டினாள், கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தாள்.

"பாதுகாவலரும் வேண்டாமுங்க. எனக்கு இருபத்தாறு வயசு. கையேடு எழுதற வேலைக்கு இண்டர்வியூ போறவ, கையேடு எனக்குப் புரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போக முடியாதுங்க." அப்பாவைப் பார்த்து, "வாங்கப்பா, போலாம்," என்றாள்.

பஸ்ஸில் தத்தமங்கலம் வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. நாளன்னைக்கு போனிலேயே சமாளித்துப் பார்க்கிறேன் என்றாள். போன வருட நேர்முகம் முடிந்து அவள் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது சென்னியப்பனுக்கு மறக்கவில்லை. எல்லாம் நன்றாகப் போனதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பதில்கள் ஒவ்வொன்றும் தள்ளிப்போய் விழுந்ததைப் பக்கத்தில் நின்று காதால் கேட்டவர் அவர்.

இருபதாம் தேதி, மாட்டுத் தீவனம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சென்னியப்பன் தனியாகப் பாலக்காட்டுக்குப் போனார். கடிதத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அது மட்டும் இருந்தால் போதும், இந்த மாதிரி ஆட்களுக்கு அவர்கள் கையெழுத்து ரெண்டாம்பட்சம்தான் என்றார் பூபதிராஜா. ஷஹானா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பின்னை மாற்றிப் பற்று வைக்க ஒன்பது நிமிடம் ஆனது. சென்னியப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேமை யாரும் தொடவில்லை. மூடியின் உட்புறத்து எழுத்தைச் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, திருகின் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பிறகு கம்பெனி பேனர் முன்னால் அவரை நிற்கவைத்து, லேப்டாப்பைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள்.

"கொஞ்சம் நன்றியோட பாருங்க சார்," என்றார் பூபதிராஜா.

மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. கடிதத்தின் நகலை மடித்து அவர் கையில் கொடுத்தார்கள், அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கம்பெனி எதையும் ஒளித்துச் செய்வதில்லையாம்.

லேப்டாப்பைப் பார்த்ததும் செல்வப்பிரியா அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிங்கப்பா குடுத்தாங்க? நம்ம சொன்னதுதான் ஞாயம்னு ஒத்துக்கிட்டாங்களா?"

பதினேழு வருடமாக அவளுக்கு முகம் காட்டாமல் அவர் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அன்றைக்கு மாட்டுக்குத் தீவனம் வைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று மாட்டுக்குத்தான் தெரியும். அவள் முன்னால் வந்து நின்று மறுபடி கேட்டபோது, தலையை மட்டும் ஆட்டினார்.

"பாத்தீங்களா," என்றாள் அவள். "பயப்படாம நின்னா நடக்குமுங்கப்பா."

மறுநாள் பதினொரு மணிக்கு நேர்முகம் தொடங்கியது. திரையில் நான்கு முகங்கள். சென்னியப்பன் கேமராவில் படாமல் கதவோரம் நின்றார். நான் சன்னலுக்கு வெளியே நின்றேன். கேள்விகள் வந்தன. கேட்கிறவர் வாயை மூடுவதற்குள் எழுத்து அடியில் வந்தது. அவள் பதில் அந்தந்தக் கேள்விக்கே போய்ச் சேர்ந்தது. தான் எழுதிய கையேடுகளைக் காட்டினாள். நான்கு முகத்தில் ஒன்று முன்னால் சாய்ந்து படித்தது. அரை மணி நேரம் கழித்து, நடுவிலிருந்த பெண்மணி சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எழுதறவங்க நிறையப் பேர் இருக்காங்க செல்வப்பிரியா. கையேடு படிச்சு, யார் உதவியும் இல்லாம ஒரு வேலையைத் தானாச் செஞ்சவங்களத்தான் நாங்க தேடறோம். நீங்க அப்படி ஏதாவது செஞ்சிருக்கீங்களா?"

செல்வப்பிரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த லேப்டாப்பேதான் என்றாள். படித்ததை, திறந்ததை, ரேம் சேர்த்ததைச் சொன்னாள். கம்பெனி முதலில் மறுத்ததையும், நாற்பத்தோராம் பக்கத்தைக் காட்டி வாதாடியதையும், கடைசியில் அவர்களே ஒத்துக்கொண்டு சரிசெய்து கொடுத்ததையும் சொன்னாள். திரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"எங்கப்பா பக்கத்துல இருந்து பார்த்தவர். வேணும்னா அவரையே கேளுங்க," என்று கையை நீட்டி அவரைக் கூப்பிட்டாள். "வாங்கப்பா. என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

சென்னியப்பன் கேமரா முன்னால் வந்து நின்றார். வலது கை, கடிதத்தின் நகல் இருந்த சட்டைப் பையை மூடியிருந்தது. நான்கு பேரும் அவரைப் பார்த்தார்கள். மகள் திரையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் பேசுவது அங்கேதான் வரும்.

"அவளேதான் படிச்சா, அவளேதான் செஞ்சாளுங்க," என்றார். "அவளுக்குப் புரியாதது எதுவும் அதுல இல்லீங்க."

அத்தனையும் தாமதமில்லாமல் எழுத்தாக வந்தது. செல்வப்பிரியா அதை வாசித்துவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பையின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.